வெள்ளைத் துணியில் பதினேழு ஓட்டை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஆண்டவர் எதற்குத்தான் வாயைக் கொடுத்தாரோ, ராயப்பனுக்குப் புரியவில்லை. ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்பதில்லை; போனைக் கேட்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் என்று தெரிய விரலை எச்சில் தொட்டுத் தூக்கிப் பிடித்தால் போதும், அதற்கும் போன். வயிறு வலித்தாலும் போன். வலி வயிற்றுக்குள் இருக்கிறது, போனுக்கு எப்படித் தெரியும்?

இதையெல்லாம் பார்த்துச் சகித்துக்கொண்டிருந்தவர்தான். ஆனால் சொந்த மருமகளே நூல் பின்னுவதைப் போனிடம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. ஏரிக்கரைத் தோணிரேவில் ஐம்பது வருஷம் வலை பின்னிய ஆள் கூடத்தில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறார். அடுப்படியில் அரிசி டின்மேல் சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரி சொல்லிக்கொடுக்கிறாள்.

"ஏம்மா, அவ இன்னா சொல்றானு உனுக்குப் புரியுதா?"

"அவ கை சொல்றது புரியுது மாமா" என்றாள் ஜெஸ்ஸி.

"கை சொல்லுதாம். வாயால சொல்றவனையே நம்ப முடியல."

இதை ஆரம்பித்து வைத்தது ராயப்பனின் மகள் ஜாக்குலின். ஆரம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய இரண்டாவது குழந்தைக்கு ஞானஸ்நானம் வருகிறது. குழந்தைக்குப் போர்த்தும் வெள்ளைத் துணி தாய்மாமன் வீட்டிலிருந்து போக வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். முதல் குழந்தைக்கு ராயப்பனின் மகன் ராபர்ட் கடையில் வாங்கிக்கொண்டு போனான். சாமியார் தண்ணீர் ஊற்றியதுதான் தாமதம், துணியின் கரையிலிருந்த பூவெல்லாம் கரைந்து குழந்தையின் வயிற்றில் நீலமாக இறங்கிவிட்டது. "தாய்மாமன் வூட்டுல புள்ளைக்குச் சொட்டு நீலம் போட்டு அலசிட்டாங்க" என்று ஜாக்குலினின் மாமியார் சம்மனசு மேரி கோயிலுக்குள்ளேயே சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? இரண்டு வருஷமாக எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை சொல்கிறாள்.

அந்தக் கோபத்தில்தான் ஜெஸ்ஸி போனில், "ஜாக்கு, இந்தத் தபா கடைத்துணி இல்ல. நானே லேஸ் பின்னி எடுத்தாரேன். உன் மாமியார் வாயில கொசு பூந்தாலும் தெரியாம நிப்பாங்க பாரு" என்று சொல்லிவிட்டாள்.

"அண்ணி, உனுக்குத் தலை சீவவே நேரமில்ல. லேஸ் பின்னப் போறியா?" ஜாக்குலின் சிரித்த சிரிப்பு கூடம்வரை கேட்டது.

அவள் கேட்டதிலும் தப்பில்லை. ஜெஸ்ஸி நாலரை மணிக்கு எழுந்தால், ராபர்ட் ஏரியிலிருந்து கொண்டுவந்த நண்டைத் தரம் பிரித்து, சோறாக்கி, இரண்டு பிள்ளைகளுக்கும் டப்பா கட்டி, ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேன் ஏற வேண்டும். எளாவூர் தாண்டி ஒரு கம்பெனியில் நாளெல்லாம் நின்றுகொண்டே அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. திரும்பி வந்தால் மறுபடி அடுப்பு. இதற்கு நடுவில் லேஸ்.

கடையில் விற்ற ஊசிகள் முருங்கைக்காய் தடிமனில் இருந்தன. ராபர்ட் இரண்டு சைக்கிள் கம்பியை முனை ராவிக் கொடுத்தான். யாருடைய சைக்கிள் என்று ராயப்பன் விசாரிக்கவில்லை. மறுநாள் கடைத்தெருவுக்குப் போகும்போது தன்னுடைய பின்சக்கரம் சாராயம் குடித்தவன்போல் ஆடியதில் தானாகத் தெரிந்துகொண்டார்.

ஜெஸ்ஸி வேனில் பின்னினாள். ரேஷன் வரிசையில் பின்னினாள். பூசையில் பிரசங்கம் நீண்டபோது முக்காட்டுக்கு அடியில் பின்னினாள். முதலில் பின்னியது வெயிலில் போட்ட கருவாடுபோல் இரண்டு பக்கமும் சுருண்டுகொண்டது. பிரித்தாள். அடுத்ததில் எண்ணிக்கை தப்பிவிட்டது. அதையும் பிரித்தாள்.

"நேத்து அர சாண் இருந்துச்சு, இன்னிக்குக் கால் சாண் கீது" என்றார் ராயப்பன். "நீ பின்றியா, மேயுறியா?"

மூன்றாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் ஜெஸ்ஸி ஒரு சொம்பைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். உள்ளே மடித்த சீட்டுகள்.

"இனிமே வூட்டு வேலைக்குப் பாடு. சோறாக்குறது, பாத்திரம் தேய்க்கிறது, துணி தோய்க்கிறது, எல்லாம் சீட்டுப்படி. அப்பத்தான் எனுக்கு ஒரு மணி நேரமாச்சும் கெடைக்கும்."

பாடு என்பது தோணிரேவில் சின்ன விஷயம் இல்லை. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பது அது. இருபது வருஷம் ஊருக்குச் சீட்டுக் குலுக்கியவர் ராயப்பன். சேற்று இடம் விழுந்துவிட்டது என்று எவனாவது முனகினால், "வுழுந்தா வுழுந்துதான். அழுவுறவன் ஏரிப்பக்கம் வராத" என்று வாயை அடைத்தவர்.

"ஆம்பளைங்க சோறாக்குறதுக்குப் பாடா? எந்த ஊரு நாயம் இது?" என்றார்.

"எடுங்க மாமா. வுழுந்தா வுழுந்துதான்னு ஊருக்கே சொன்னது நீங்க."

எடுத்தார். சனிக்கிழமை சமையல். சீட்டைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சொம்பில் மிச்சமிருந்த சீட்டுகளையும் கொட்டிப் பேத்தியைப் படிக்கச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ராபர்ட்டுக்கு வாரம் மூன்று நாள் துணி தோய்க்கும் சீட்டு வந்தது.

"நைனா, நீயாச்சும் ஏதாச்சும் கேளேன்" என்றான்.

"இன்னாத்த கேக்கறது? வூட்டுச் சீட்டுக்கு ஒரு நாயம், ஊருச் சீட்டுக்கு ஒரு நாயமா? போய் சோப்பு எடு."

முதல் சனிக்கிழமை அவர் வைத்த குழம்பைப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு, அதுபாட்டுக்கு எலி பிடிக்கப் போய்விட்டது. ஆனாலும் பாடு நின்றது. துணியும் வளர்ந்தது.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் காலையில் துணி முடிந்தேவிட்டது. ஜெஸ்ஸி அதை நனைத்துப் பிழிந்து, கட்டில் மெத்தைமேல் இழுத்து விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தி வைத்தாள். அன்றைக்குக் கம்பெனியில் லீவு தரவில்லை.

"காஞ்சாத்தான் வடிவு வரும் மாமா. புள்ளைங்க கை வெக்காமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை; சீட்டுப்படி ராயப்பன் உலையை வைத்தார், அரிசியைப் போட்டார். வேக நேரமிருக்கிறதே என்று கட்டிலருகே போனார். ஒன்றரை மாதமாக அவர் பார்த்ததெல்லாம் கம்பியில் சுருண்டு கிடந்த நூல்தான். விரித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண் முகாமில் கொடுத்த கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

துணி பூராவும் ஓட்டை.

சின்னச் சின்ன ஓட்டைகளை அவர் மன்னித்தார். அவை ஒரே அளவில் வரிசையாக இருந்தன. வலையில் அதற்குக் கண் என்று பெயர். ஆனால் நடுவிலும் ஓரத்திலும் பெரிசு பெரிசாகச் சில வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒரே அளவாயிருந்தால் கண், ஏறுமாறாயிருந்தால் கிழிசல். தோணிரேவில் பேச்சு வராத குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. விரல் வைத்து எண்ணினார். பதினேழு கிழிசல்.

நினைத்தது சரியாகப் போய்விட்டது. போனில் இருக்கிறவள் பாதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மீதியை மறைத்திருக்கிறாள். பாவம் இந்தப் பெண், தூக்கக் கலக்கத்தில் கவனிக்கவில்லை. நாளைக்குச் சம்மனசு மேரி துணியைத் தூக்கிப் பிடித்து, "போன தபா நீலம், இந்தத் தபா எலி கடிச்சது" என்பாள். அடுத்த இரண்டு வருஷமும் ஊர் ஊராக அதையே சொல்வாள்.

ராயப்பன் மிச்ச நூல்கண்டை எடுத்தார். இறால் வலை தைக்கும் சின்ன ஊசியை எடுத்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, முதல் கிழிசலுக்கு முதல் முடிச்சைப் போட்டார்.

சாயங்காலம் ஜெஸ்ஸி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா மாமா கருகுது?"

"கருகி மத்தியானமே முடிஞ்சிடுச்சு. சோறு இன்னா, நாளைக்கும் ஆக்கலாம். உள்ள போய்ப் பாரு."

அவள் உள்ளே போனாள். ராயப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு பின்னால் போனார்.

"நன்றியெல்லாம் சொல்ல வேணாம். பதினேழு. ஒண்ணு பாக்கியில்ல, எல்லாம் அடைச்சிட்டேன்."

"மாமா, அது ஓட்டை இல்ல. இலை."

"இன்னாது?"

ஜெஸ்ஸி போனைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதோ பாருங்க. அந்தப் பெரிய எடம் விட்டாத்தான் இலையாட்டம் தெரியும். அங்க ஒண்ணும் இருக்கக்கூடாது. அதான் லேசு."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒன்ற மாசம் கஷ்டப்பட்ட?"

"ஆமா மாமா. அந்த ஒண்ணுமில்லாதத எண்ணி எண்ணித்தான் வெச்சேன். வேன்ல எண்ணினேன், வரிசைல எண்ணினேன், அட்டைப்பொட்டி ஒட்டும்போதும் மனசுக்குள்ள எண்ணினேன். ரெண்டு தபா சூப்பர்வைசரு கையில திட்டு வாங்கினேன்." அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் ராயப்பன் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. "நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பூசை" என்றாள்.

ராயப்பன் முடிச்சு போட்டால், கயிறு அற்றாலும் முடிச்சு அவிழாது. ஊரறிந்த விஷயம், பெரும்பாலும் அவரே சொல்லி அறிந்தது. பிளேடு வைத்தால் லேசும் சேர்ந்து போய்விடும். ராபர்ட் முயன்றான், பல்லைக் கடித்தான், விட்டுவிட்டான்.

"நைனா, இது உன்னாலதான் ஆவும்."

"முடிச்சு போட்டுத்தான் எனுக்குப் பழக்கம். அவுத்து இல்ல."

"பாடு மாமா" என்றாள் ஜெஸ்ஸி. "இன்னிக்கு சனிக்கிழம. இன்னும் உங்க முறைதான்."

ராயப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சட்டைப் பின் ஒன்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ராபர்ட் போன் விளக்கைக் காட்டினான். "இதுக்கு மட்டும் ஒதவுது" என்று போனைப் பார்த்து உறுமினார். ஒரு முடிச்சுக்குள் பின் முனையை விட்டு ஆட்டி, இளக்கி, இழையை உருவ வேண்டும். தான் போட்ட முடிச்சு இவ்வளவு பிடிவாதக்காரனாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொன்றும் அவிழும்போது பல் பிடுங்கிக்கொள்கிறவனைப்போல் அவர் வாயில் ஒரு முனகல் வந்தது. பேக்கரியில் வாங்கிவந்த பன்னைத் தின்றுகொண்டே பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள்.

பதினாறு அவிழ்ந்தது. பதினேழாவது, ஓரத்து மூலையில் இருந்தது, என்ன செய்தும் அசையவில்லை. ஜெஸ்ஸி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வுடுங்க மாமா. நூல் அந்துடும். ஒண்ணு தானே, இருந்துட்டுப் போவட்டும்."

துணியை மறுபடி நனைத்து, விரித்து, குண்டூசி குத்தினாள். ராயப்பன் அந்தப் பக்கம் திரும்பாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் ஆரம்பாக்கத்துக் கோயிலில் சாமியார் தண்ணீர் ஊற்றினார். சம்மனசு மேரி எட்டிக் குழந்தையின் வயிற்றைப் பார்த்தாள். நீலமில்லை. பூசை முடிந்ததும் பெண்களெல்லாம் துணியைச் சுற்றி மொய்த்தார்கள். "கையால போட்டதா?", "மெய்யாலுமா?", "இலையாட்டமே கீதே!" என்று ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஜாக்குலின் தானே பின்னியதுபோல் எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள். ஜெஸ்ஸி அன்றைக்குத் தலையும் சீவியிருந்தாள்.

சம்மனசு மேரி மட்டும் ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டே வந்தாள். பதினேழாவதில் விரல் நின்றது.

"இன்னாடி இது, இங்க மட்டும் அடைச்சிருக்குது?"

ஜெஸ்ஸி மாமனாரை ஒரு பார்வை பார்த்தாள். "அது எங்க மாமா போட்டது அத்த. வூட்டுப் பெரியவரு கை ஒண்ணு இருக்கட்டும்னு."

சம்மனசு மேரி அதைப் பிடித்து இழுத்தாள். இன்னும் பலமாக இழுத்தாள். "இதான் கெட்டியா கீது" என்றாள். பிறகு, வேறு வழியில்லாதவளாக, "மத்ததும் அழகாத்தான் கீது. ஏம்மா ஜெஸ்ஸி, எங்க வூட்டு மாதா மேடைக்கு இத மாதிரி ஒண்ணு போட்டுத் தருவியா?" என்றாள். வாய் அதன்பிறகும் கொஞ்சம் திறந்தேதான் இருந்தது. கொசு ஒன்றும் அந்தப் பக்கம் வரவில்லை.

"கேட்டியா?" என்றார் ராயப்பன் ஜெஸ்ஸியிடம். "கெட்டியா கீதுனு அவங்களே சொல்றாங்க. பதினேழையும் வுட்டிருக்கணும்."

"நைனா, நல்லாத்தானே கீது, ஒத்துக்கயேன்" என்றாள் ஜாக்குலின், குழந்தையை அவர் பக்கம் நீட்டி.

ராயப்பன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஒரு பெரிய இலை வழியாகக் குழந்தையின் கால் கட்டைவிரல் வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

"இதுக்குப் பேரு துணியா? புடிச்ச மீனே வெளிய வந்து நிக்குது பாரு."

விரலைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். "மாமா, மாதா துணிக்கு அடுத்த ஞாயித்துக்கெழம சீட்டு!" என்று ஜெஸ்ஸி பின்னாலிருந்து கூவினாள். அவர் திரும்பவில்லை. இந்தத் தடவை சொம்புக்குள் முதலிலேயே கையை விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று முணுமுணுத்தபடி போய்க்கொண்டே இருந்தார்.