அவோரித்தா

ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளக்கும் பட்டப்பகலில், ஊர்க் கவலை முழுவதையும் காதால் வாங்கிக்கொள்ளும் மூன்று மனநல ஆலோசகர்களை என் வீட்டுக் கருவேல மரத்தடியில் ஒரே சமயத்தில் தூங்கவைத்தவள் நான். மாத்திரை இல்லை, தாலாட்டு இல்லை. மூன்று பொய்கள், ஒரு அண்டா எலும்பு சூப், அவ்வளவுதான். அவர்கள் விட்ட குறட்டையில் எங்கள் எல்லையோர ஊரான பிரவுன்ஸ்வில்லின் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று, யாரோ தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துப் பதிலுக்குச் சங்கு ஊதியது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாதிராவும் நம்பவில்லை. தூங்கிய மூவரில் அவளும் ஒருத்தி என்பதுதான் வேடிக்கை.

நான் செனைடா. அவர்கள் வேலை பார்க்கும் ஆலோசனை மையத்தில் ஊர் அழுகையைக் கேட்டுக் கேட்டு ஓய்வுபெற்றவள். நான் துடைத்த கண்ணீரைத் தொட்டி கட்டிச் சேர்த்திருந்தால் ரியோ கிராண்டே ஆறு எந்தக் கோடையிலும் வற்றியிருக்காது. இப்போது என் நாற்காலியில் யாதிரா. ஸ்பானிஷ் மொழியில் அழ வேண்டியவர்களுக்கு இந்தப் பக்கத்தில் அவளையும் ஒக்தாவியோ, இட்ஸெல் என்ற இன்னும் இரண்டு பேரையும் விட்டால் நாதியில்லை. கணவனை எல்லைக் காவல் வண்டி ஏற்றிக்கொண்டு போன பெண்கள், பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளைகள், எல்லாரும் அவளிடம்தான். அவளைப் பெற்ற அம்மாவும் தினம் போனில் அவளிடம்தான் அழுவாள், இலவசமாக.

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் ஒரே பதில்: "அவோரித்தா." எங்கள் ஆட்கள் வாயில் அந்த ஸ்பானிஷ் சொல்லுக்கு 'இதோ, இப்பவே' என்று பொருள். சாயங்காலம் என்றும் பொருள். கடவுள் இறுதித் தீர்ப்புக்கு வரும் நாள் என்றும் பொருள். குழாய் ரிப்பேர்காரர் "அவோரித்தா வரேன்" என்று சொன்னால் நாங்கள் வாளி வாங்கக் கிளம்பிவிடுவோம்.

ஒரு வியாழக்கிழமை மையத்தின் பக்கம் போனேன். யாதிரா காரை நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன்.

"முடியல அத்தை. நேத்து ஒரு அம்மா எதிர்ல உக்காந்து மகனை நெனச்சு அழறாங்க. நான் அவங்க கம்மலைப் பாத்துட்டிருக்கேன். ஒரு வார்த்த உள்ள போகல. திங்கக்கிழமை வேலைய விட்டுடறேன்."

"மொதல்ல தூங்குடி."

"அவோரித்தா, அத்தை."

வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அறிவுரை சொல்லிப் பயனில்லை. எங்கள் ஆட்களிடம் 'உன்னைக் கவனித்துக்கொள்' என்றால் சோம்பேறி என்று திட்டியதுபோல் முகம் சுருங்கும். 'அவனைக் கவனித்துக்கொள்' என்றால் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவருவார்கள்.

அன்றைக்கே போனை எடுத்தேன். யாதிராவிடம் சொன்னேன்: "ஒக்தாவியோ ஒடஞ்சு போயிட்டான்டி. பக்கத்துல யாராவது தூங்கினாத்தான் அவன் தூங்குவான். சனிக்கிழமை வந்து தூங்கற மாதிரி நடி. அவங்கிட்ட மூச்சு விடாத." ஒக்தாவியோவிடம் அதையே இட்ஸெல்லைப் பற்றிச் சொன்னேன். இட்ஸெல்லிடம் யாதிராவைப் பற்றி.

சனிக்கிழமை மூன்று பேரும் டாணென்று வந்தார்கள். "பாவம் அத்தை, ஒக்தாவியோ கண்ணுக்குக் கீழ எவ்ளோ கருப்பு" என்று யாதிரா என் காதைக் கடித்தாள். "இட்ஸெல்லுக்குக் கை நடுங்குது, நான் பாத்துக்கறேன்" என்றான் ஒக்தாவியோ. இட்ஸெல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். சத்தம் கேட்டால் நோயாளி விழித்துக்கொள்வார் என்றதும் போன்கள் தாமாகவே என் ரொட்டிக் கூடைக்குள் வந்து விழுந்தன. சூப்பைக் குடித்துவிட்டு ஆளுக்கொரு வலை ஊஞ்சலில் படுத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் தன் நோயாளியைக் காவல் காத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மறு கண்களும் மூடிக்கொண்டன. கப்பல் சங்கு ஊதியது அப்போதுதான்.

வெயில் தாழ்ந்தபோது யாதிரா திடுக்கிட்டு விழித்தாள். "ஒக்தாவியோ தூங்கினானா?"

"நல்லா."

"அப்பாடா. நான் கண்ண மூடவே இல்ல. எல்லாம் நடிப்பு."

"எச்சில் ஒழுக ஒழுக நடிச்சியே தாயே."

"ஏய், நடிச்சது நான்! இட்ஸெல்லுக்காக!" என்று ஒக்தாவியோ பக்கத்து ஊஞ்சலிலிருந்து தலையைத் தூக்கினான்.

"லூசு, நான் யாதிராவுக்காக!" என்றாள் இட்ஸெல்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் கரண்டியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

"பொய்க்காரக் கெழவி!" இட்ஸெல் சிரித்த சிரிப்பில் கருவேலங்காய் உதிர்ந்தது. யாதிரா மட்டும் சிரிக்கவில்லை. எதையோ காது கொடுத்துக் கேட்பவள்போல இருந்தாள்.

"அந்தக் கம்மல் போட்ட அம்மாவோட பையன்... ஸ்கூல் பேண்டுல ட்ரம்பெட் வாசிப்பானாம். அவன் போனதுலேந்து அதத் தொடைச்சுத் தொடைச்சு வைக்கறாங்களாம். புதன்கிழமை சொன்னது, இப்பதான் அத்தை காதுல விழுது." அவள் கண் நிறைந்தது. "திங்கக்கிழமை மொத ஆளா அவங்களைத்தான் பாக்கணும்."

நான் அண்டா மூடியை எடுத்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். ஊரில் திருவிழா என்று நினைத்து நாய்களெல்லாம் குரைத்தன.

கூடைக்குள் போன் அடித்தது. யாதிரா தன் அம்மாவுக்கென்று வைத்திருந்த மணி. பழக்கத்தில் ஒரு காலைத் தரையில் ஊன்றினாள் யாதிரா. பிறகு அதை மெதுவாக ஊஞ்சலுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவோரித்தா, அம்மா" என்றாள் கூடையைப் பார்த்து.

"இப்பவாவது சொல்லு, தூங்கினியா இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் கன்னத்தைத் தடவினாள். காது முதல் தாடை வரை ஊஞ்சல் வலை கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. மீன்காரன் பிடித்துவந்த மீன் மாதிரி. சாயங்கால வெயில் அந்தக் கட்டங்களில் சிவந்து நின்றது. அவள் விரல் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே போனது.

"சரி அத்தை," என்றாள், "தூங்கித்தான் போயிட்டேன்."