முகத்துவாரத்தில் சுழன்ற சக்கரம்

மேட்டூரில் தண்ணீர் விழுந்து விளக்கு எரிகிறது என்று ஃபிட்டர் காஜா மொய்தீன் சொன்ன நாளிலிருந்து என் மைத்துனன் குமாரவேலுக்குச் சோறு இறங்கவில்லை. பாய் அந்த அணையில் வேலை பார்த்தவர். உயரத்தில் தேக்கிய நீர் குழாயில் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும், அதோடு காந்தம் சுழலும், சுற்றியுள்ள செப்புக் கம்பியில் கரண்டு பிறக்கும், சைக்கிள் டைனமோவும் இதே சங்கதிதான் என்றார். கேட்டவன் சும்மா இருக்கக் கூடாதா?

எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் வருஷாவருஷம் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும். மழையில் உள்ளே உப்பங்கழி தளும்பும்போது ஊரே கூடி அந்த மணல்மேட்டை வெட்டிவிடுவோம். முதல் வெட்டு குமாரவேல் குடும்பத்து உரிமை. அந்த உரிமையையே பந்தயம் வைத்துவிட்டான். வெட்டுகிற தண்ணீரில் பல்பு எரியும், விளக்கு வைக்கும் நேரத்திலும் எரியும், இல்லாவிட்டால் மண்வெட்டி வேறு கைக்குப் போகட்டும் என்றான். ஊர்த் தலைவர், நாட்டார் தண்டபாணி சம்மதித்தார். அவன் மனைவி, என் தங்கை செல்லம்மா, மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

இரண்டு கட்டுமரங்களுக்கு நடுவே தகரம் அடித்த சைக்கிள் சக்கரம், அதில் உரசும் டைனமோ. குறுகலாக வெட்டு, தண்ணீர் மெல்லப் போனால்தான் சாயங்காலம் வரை வரும் என்று பாய் படித்துப் படித்துச் சொன்னார். வெட்டு நாள் காலையில் மண்வெட்டி கைக்கு வந்ததும் இவனுக்குப் பரம்பரைப் பெருமை ஏறிவிட்டது. அகல வெட்டினான். தண்ணீர் குபுகுபுவெனக் கடலுக்குப் பாய்ந்தது, பல்பு எரிந்தது. எனக்கே கண் கலங்கியது.

மதியத்துக்குள் கழியும் கடலும் ஒரே மட்டம். சக்கரம் நின்றது. ஊர் சிரித்தது. குமாரவேல் மட்டும் தண்ணீரைப் பார்த்தபடி ஈர மணலில் உட்கார்ந்திருந்தான்.

பொழுது சாயக் கடல் ஏறியது. அவன் வெட்டிய அகலத்துக்கு அலைநீர் கழிக்குள் புகுந்தது. சக்கரம் மறுபக்கமாகச் சுழன்றது. விளக்கு வைக்கும் நேரத்தில் பல்பு மறுபடி எரிந்தது.

நாட்டார் குனிந்து பல்பைப் பார்த்தார். "தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு பந்தயத்துல பேசல. மண்வெட்டி உன்னுதுதான்."

அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை. "பாய், திரும்பிச் சுத்தினாலும் எப்டி எரிஞ்சிகினு கீது?"

மேட்டூரில் போன தண்ணீர் திரும்பி வந்ததைப் பாய் பார்த்ததில்லை.

கோபம் தீர்ந்த செல்லம்மா மீன்குழம்பு வைத்துக் காத்திருந்தாள். அன்றும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.