வெள்ளிக்கிழமை நான்கு மணி ஹூக்

...இதற்கு மட்டும் என்ன காரணம் எழுதுவது, மற்ற நான்குக்கும் எழுதி முடித்தாயிற்று, எழுதிய புரோகிராமை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் சேர்க்கக் கமிட் கொடுத்தவுடன் தானாக ஓடிப் பார்க்கிற சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்கள்தானே இந்த ஹூக் எல்லாம், ஒன்று பாஸ்வேர்டு தவறி உள்ளே போகாமல் தடுக்கும், ஒன்று சோதனையில் தோற்ற புரோகிராமைத் திருப்பி அனுப்பும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது, ஆனால் இந்த ஐந்தாவது... வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மேல் யார் கமிட் கொடுத்தாலும் வாங்காது, ஒரே ஒரு பெயரைத் தவிர. டீமில் மூத்தவரான தாடி அண்ணனின் பெயர். எழுதியவரும் அவர்தான், விளக்கமாக ஒரு வரிகூட வைக்கவில்லை, நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு காலையில் எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை, ஐம்பத்திரண்டு நாளாயிற்று. தனக்கு மட்டும் சலுகை வைத்துக்கொண்டார் பார் என்று கேன்டீனில் எத்தனை முறை சிரித்திருக்கிறார்கள், இப்போது காரணம் எழுத உட்கார்ந்திருக்கிற அவள்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள்... சிரித்துவிட்டு நாலே காலுக்குப் பையை எடுத்துக்கொண்டு மகளைக் கூட்டிவரக் கிளம்பியும் விடுவாள்.

காரணம் தெரியவில்லையென்றால் அதைத் தூக்கிவிடு என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். தூக்க மனம் வராமல்தான் அவர் மனைவியை, அண்ணியை, போனில் கூப்பிட்டாள், வீட்டில் அண்ணனுடைய நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க. அண்ணி தேடிப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்றார், பிறகு அவரே கேட்டார்.

"வெள்ளிக்கிழமைன்னா உங்க எல்லாருக்குமே வேலை ஜாஸ்தியாம்மா? அன்னைக்குத்தான் அவர் ரொம்ப லேட்டா வருவார். சின்னவ பாத்துப் பாத்துத் தூங்கிடுவா."

என்ன பதில் சொன்னாள்... "ஆமா அண்ணி, எல்லாருக்கும்தான்" என்றாள். பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. போனை வைத்துவிட்டுப் பழைய கமிட்களைத் திறந்தாள், வெள்ளி, மாலை ஆறு பத்து, அடுத்த வெள்ளி ஏழு இருபது, ஒவ்வொன்றிலும் அவர் பெயர், ஒவ்வொன்றும் யாரோ பாதியில் விட்டுப் போனதைச் சரிசெய்தது, பாதிக்கு மேல் அவளுடையது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். மூன்று வருடம்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், சரி, தப்பித்தோம் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவாள், எப்படிச் சரியானது என்று ஒரு நாளாவது... கேட்கவில்லை. காரணம் என்ற தலைப்புக்குக் கீழே "எல்லோரும் நேரத்தோடு வீட்டுக்குப் போவதற்காக" என்று அடித்தாள். எல்லோரும் என்ற சொல்லை அழித்தாள். வேறு எந்தச் சொல்லைப் போட்டால் அது உண்மையாகும்?