சூரியன் பக்கம் விழுந்த நிழல்

2018 வெள்ளம் வடிந்த மறுவாரத்திலிருந்து, கம்பத்துக்கு மேலே மலையில், சக்குபள்ளம் அருகே ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கும் ஜோமோளின் நிழல் சூரியன் இருக்கும் பக்கமாகவே விழுந்தது. காலையில் கிழக்கே நீளும், மாலையில் மேற்கே. அவளுக்கு வலி ஒன்றும் இல்லை, எடுக்கும் காயும் குறையவில்லை. ஆனால் முப்பத்தொரு வயதில், கல்யாணம் வேண்டாமென்று இரண்டு வரன்களைத் திருப்பியனுப்பியவள். காரணம் அதுதான் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரே நாளில் முடிவாகிவிட்டது.

முதலில் குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். பிறகு ஜெபக்கூட்டத்துக்கு அழைப்பது நின்றது. நடந்துபோனால் வேண்டுமென்றே அவள் நிழலை மிதித்தார்கள். ஒருத்தி அதன்மேல் வெந்நீர் ஊற்றினாள். அப்பா அமிர்தநாதன் அவளைக் கம்பத்துக்குக் கூட்டிப்போனார். டாக்டர் வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூன்றாம் மாதம், அவளை லயத்தைவிட்டு வெளியேற்றக் கங்காணி மிக்கேல்ராஜ் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அமிர்தநாதனும் போட்டார். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் முற்றத்தில் கூட்டம் கூடியது.

"பிள்ளைங்க பாத்துப் பயப்படுது. நெழல ஒழுங்கா விழ வையி. இல்ல, வீட்டக் காலி பண்ணு," என்றார் மிக்கேல்ராஜ்.

"எப்படி விழுந்தா ஒழுங்குண்ணே? காட்டுங்க, பாத்துக்கிறேன்," என்றாள் ஜோமோள்.

காட்டுவதற்காக, கூடியிருந்த எண்பத்தேழு பேரும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அதுவரை யாரும் தம் காலடியைக் குனிந்து பார்த்ததில்லை. பிச்சைமணியின் நிழலுக்குத் தலை இல்லை. புஷ்பமேரிக்கு இரண்டு நிழல்கள், ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக் கிடந்தன. டின்டு நின்றுகொண்டிருந்தான், அவன் நிழல் மண்டியிட்டிருந்தது. மிக்கேல்ராஜின் காலடியில் வெறும் வெயில். தப்பில்லாமல் விழுந்தது அமிர்தநாதனின் நிழல் ஒன்றுதான். மிக்கேல்ராஜ் அதைச் சுட்டிக்காட்டினார்.

"என்னுதக் காட்டாதீங்க," என்றார் அமிர்தநாதன். வரிசையை விட்டு நடந்து, மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தங்களைக் குனிந்து பார்க்க வைத்தவள் என்று அவளை முன்னைவிட அதிகமாக வெறுத்தார்கள். வெளியேற்றும் பேச்சு மட்டும் அடங்கியது. கையெழுத்துத் தாள் ஸ்டோர் அடுப்பில் எரிந்தது. ஆறு வருஷம் அப்படியே போனது. 2024இல் புதிதாக வந்த சூப்பர்வைசர் ஜினோ, அந்தப் பெண்ணின் நிழல் மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் விழுகிறது என்று கேட்டான். காய் நிறுத்துக்கொண்டிருந்த மிக்கேல்ராஜ் தலை நிமிரவில்லை.

"அது ஜோமோளுது. அப்பிடித்தான் விழும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், தராசு மறையுது."