சத்தமில்லாத முழங்கை

டக். டக். டக்.

தகரக் குழாய்க்குள் காளிதாஸ் ஊர்ந்துகொண்டிருந்தான். நெற்றியில் டார்ச். மூக்கில் மாஸ்க். இடுப்பில் செருகிய ஈரத்துணி. ஹோட்டலின் ஏசி காற்று போகிற பாதை அது. உள்ளே உட்கார முடியாது. குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி உடம்பை இழுக்க வேண்டும். தகரமும் தகரமும் சேர்கிற இடமெல்லாம் ஸ்க்ரூவின் கூர்முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

இன்று அவை அவனை ஒன்றும் செய்யவில்லை. இரண்டு முழங்கைகளிலும் ரோஸ் கலர் ஸ்கேட்டிங் பேடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டாம்பூச்சி.

குழாய் வாயருகே, ஏணிமேல் நின்றபடி, அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தான் சிவகுமார். காளிதாஸின் மச்சினன்.

"ஏனுங் மாமா, ஊர்றீங்களா, ரேஸ் ஓட்டறீங்களா? கயிறு பறக்குது."

"உங்கக்கா குடுத்த வண்டியாக்கும். அப்படித்தான் ஓடும்."

குவெம்புநகரில் அவன் மனைவி கனகா வேலை செய்யும் வீட்டில், மனிஷா என்கிற பெண் ஸ்கேட்டிங்கை விட்டுவிட்டாள். குப்பைக்குப் போக இருந்த பேடுகளைக் கனகா கேட்டு வாங்கி வந்தாள். புருஷன் கைக்குப் பட்டை எட்டவில்லை. பாவாடை எலாஸ்டிக்கை வைத்துத் தைத்து நீட்டினாள்.

போன மாதம் அவன் வலது முழங்கை புண்ணாகி, எலுமிச்சம்பழம் போல வீங்கி நீர் கோத்துக்கொண்டது. டாக்டர் ஊசியால் நீரை எடுத்தார். மறுபடியும் அங்கே அடிபட்டுச் சீழ் வைத்தால் கிழித்துத்தான் ஆகவேண்டும், அப்புறம் கை பழையபடி மடங்குமா என்று சொல்ல முடியாது என்றார். கை மடங்காதவனுக்குக் குழாய்க்குள் என்ன வேலை?

பேடு வந்தது, புண் காய்ந்தது. நேற்று ராகிக்களியை அந்தக் கையாலேயே உருட்டிச் சாப்பிட்டான். கனகா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு உருண்டை வைத்தாள்.

கயிறு இரண்டு முறை இழுபட்டது. வெளியே வா என்று அர்த்தம்.

பின்னோக்கி ஊர்ந்து வந்து எட்டிப் பார்த்தான். ஏணிக்குக் கீழே சூப்பர்வைசர் உமேஷ் நின்றிருந்தார். அவருக்குத் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும்.

"ஏனு காளி, மேல டக்கு டக்குன்னு? ஹால்ல யோகா கிளாஸ் நடக்குது. எல்லாம் ஃபாரினர்ஸ். மேனேஜர் என்னைக் கூப்ட்டு பைதாரே, திட்டறாரு."

"பேடுங்க சார். பிளாஸ்டிக்கு தகரத்துல படுது."

"கழட்டு."

"கிளாஸ் முடியட்டுங்களா? அப்பறம் ஹால் பக்கம் போறனுங்."

"மத்தியானம் அங்க நிச்சயதார்த்தம் இருக்கப்பா. அதுக்குள்ள க்ளீன் ஆகணும். சத்தம் மட்டும் பேடா, வேணாம்."

சிவகுமார் தன் துண்டை எடுத்துப் பேடின்மேல் சுற்றப் போனான். காளிதாஸ் தடுத்தான். துணி ஸ்க்ரூவில் மாட்டினால் உள்ளே கையை வளைத்து விடுவிக்க இடமில்லை.

"அப்ப நான் போறனுங் மாமா."

"தாராளமா போ மாப்ளே. தொப்பைய மட்டும் ஏணிமேல வெச்சுட்டுப் போ."

உமேஷே சிரித்துவிட்டார். "மெதுவா போ காளி. வர்றதுக்குள்ள டீ சொல்றேன்."

பேடுகளைக் கழற்றி மச்சினனிடம் கொடுத்துவிட்டு, காளிதாஸ் மறுபடி உள்ளே போனான்.

இந்த முறை சத்தமே இல்லை. கயிறும் மெதுவாகத்தான் உள்ளே போயிற்று.

ஹாலுக்கு மேலிருந்த திறப்பில், தூசி விழாதபடி கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார்கள். கீழே வரிசையாக விரிப்புகள். முழங்கைகளைத் தரையில் ஊன்றி எல்லோரும் தலைகீழாக எழும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் மட்டும் எழுந்து உட்கார்ந்து முழங்கையைத் தடவினாள். டீச்சர் விரைந்து வந்து, கம்பளி ஒன்றை மடித்து அவள் விரிப்பின்மேல் வைத்தார். உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். போதவில்லை போலிருக்கிறது. இன்னொரு கம்பளியை எடுத்துவந்து மடித்தார். அவள் முழங்கைகளை அதில் பதித்தாள். கால்கள் மெல்ல மேலே எழுந்து, காளிதாஸுக்கு நேராக வந்து நின்றன.

நல்லாத்தான் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தான்.

ஹாலின் கடைசியைத் தொட்டபோது அவனுக்குத் திருப்தியாக இருந்தது. கயிறு இழுபடவில்லை, யாரும் கூப்பிடவில்லை. இனி துடைப்பதுதான் பாக்கி. போகும்போது துடைத்தால் உடம்பு பட்டு மறுபடி அழுக்காகும். பின்னோக்கி வரும்போதுதான் துடைப்பது வழக்கம்.

அவன் பின்வாங்கப் பின்வாங்க, வந்த தடம் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. இடப்பக்கம் தூசியில் ஒரு கோடு. வலப்பக்கக் கோடு ஈரமாக, சிவப்பாக இருந்தது.

இரண்டையும் சேர்த்து ஈரத்துணியால் துடைத்தான். தகரம் பளிச்சென்று ஆனது.