சாக்பீஸ் படாத பந்து

குண்டு எறிந்து எறிந்து தோள்பட்டை போனபிறகு லான் பௌல்ஸ் ஆட வந்தவள் ஜெரூஷா. கிழக்குத் தாம்பரத்தில் அப்போது யாருக்கும் அந்த ஆட்டத்தின் பேர்கூடத் தெரியாது. புல்லில் பந்து உருட்டுவதற்கெல்லாம் மெடலா என்று சர்ச்சிலேயே சிரித்தார்கள். மாநிலச் சாம்பியன் பட்டத்தை அவள் வருஷா வருஷம் வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கியதும், சிரித்தவர்களே சர்ச் வாசலில் பேனர் கட்டினார்கள். பேனரில் தன் முகத்தைப் பார்த்துப் பழகியவளுக்கு அங்கே இன்னொரு முகம் வந்தால் பொறுக்குமா?

அந்த முகம் பிளஸ்ஸி. படப்பையிலிருந்து பஸ் பிடித்து வந்து ஆடுகிற பெண். அக்கா, அக்கா என்று காலையே சுற்றிவரும், ஆனால் கை பொல்லாத கை. வெளிநாட்டுப் போட்டிக்கு ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள். கடைசித் தேர்வில் மிஞ்சியது இவர்கள் இருவர். ஜெரூஷாவுக்கு நாற்பத்து நான்கு வயது, இதை விட்டால் இனி இல்லை.

சின்ன வெள்ளைப்பந்துக்கு யார் பந்து கிட்டே நிற்கிறதோ அவருக்கு வெற்றி. உருட்டிய பந்து அந்த வெள்ளைப்பந்தைத் தொட்டுவிட்டால், பிறகு ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தாலும் அதற்கு உயிருண்டு. தொட்டதற்கு அடையாளமாகச் சாக்பீஸால் குறி போடவேண்டும். தொடாமல் விழுந்தால் செத்த பந்து. அன்று பார்த்துக் குறி போடுகிற ஆள் வரவில்லை. எதிராளியே போடட்டும், இவர்களுக்குள் என்ன என்று விட்டுவிட்டார்கள்.

இருவரும் சமம். கடைசிப் பந்து பிளஸ்ஸியுடையது. வெள்ளைப்பந்து பள்ளத்தின் விளிம்பில் கிடந்தது, ஜெரூஷாவின் பந்து அதற்கு ஒரு முழம் தள்ளி. பிளஸ்ஸியின் பந்து வளைந்து வந்து, வெள்ளைப்பந்தை உரசி, பக்கத்திலேயே பள்ளத்தில் விழுந்தது. வெள்ளைப்பந்து அசைந்ததை ஜெரூஷா கண்ணாரப் பார்த்தாள். சாக்பீஸை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

பிளஸ்ஸி ஓடிவந்தாள். "பட்டுச்சுல்லக்கா? அசைஞ்ச மாதிரி இருந்துச்சே."

"படல. உனக்குக் கண்ணு சரியில்லடி. டாக்டர்கிட்ட போய்க் காட்டு."

படவில்லை என்ற ஒரு பொய் போதாதா ஜெரூஷாவுக்கு? பிளஸ்ஸி குனிந்து, உயிருள்ள தன் பந்தைத் தானே பள்ளத்திலிருந்து எடுத்து வெளியே வைத்தாள்.

ஜெரூஷாவுக்கு வழியனுப்பு விழா சர்ச்சில் அமர்க்களமாக நடந்தது. ஆயர் ஜெபித்தார். ரோஜா மாலை விழுந்தது. பேனர் இன்னும் பெரிதாகியிருந்தது. கூட்டம் கலைந்ததும் பிளஸ்ஸி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் புதுக் கண்ணாடி. ஆட்டம் எப்படிப் போகிறது என்று ஜெரூஷா பேச்சுக்குக் கேட்டு வைத்தாள்.

"ஆடுறதில்லக்கா. இதைப் போட்டதிலேர்ந்து பந்து கலங்கலாத் தெரியுது. டாக்டர் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. அக்கா பொய்யா சொல்லுவாங்கன்னு கடையில பவர் கண்ணாடி நானே கேட்டு வாங்கிக்கினேன்."

ஜெரூஷாவுக்குச் சுருக்கென்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். கழற்றினால் அடுத்த மாநிலப் போட்டியில் எதிரே வந்து நிற்பாள்.

"பழகப் பழகச் சரியாயிடும்," என்றாள் ஜெரூஷா. "கழட்டிடாத."