வாய் தவறி வந்த ‘நீங்க’

எபர்ஹார்ட் ஃபான் ரெட்விட்ஸ் பதினெட்டு வருடம் பிரஷ்யக் காலாட்படையில் இருந்தவர். முழங்காலில் குண்டு பட்ட பிறகு தூதராக்கப்பட்டார். பொய் சொல்ல வராத மனிதரைப் பிடித்து அந்த வேலையில் வைத்தது யார் புத்தியோ!

அவர் தூதராக இருந்த சின்னஞ்சிறு நாட்டின் போர் அமைச்சர் லோதார் அவருடைய பழைய தோழர். 1849 டென்மார்க் போரில் ஒரே குழியில் கிடந்து, முழங்கையோடு முழங்கை கோத்து மது குடித்தவர்கள். அப்படிக் குடித்தவர்களுக்குச் சாகும்வரை ‘நீ’தான். அதை ‘நீங்கள்’ ஆக்கினால் உறவை அறுத்துக்கொண்டதாக அர்த்தம்.

1866 ஜூனில் ஒருநாள் விடிந்ததும் பிரஷ்யத் தலைநகர் பெர்லினிலிருந்து தந்தி வந்தது. மாலைக்குள் இந்தச் சின்ன நாடு தன் படையைக் கலைக்காவிட்டால் போர். அந்த எச்சரிக்கையை நண்பகலில் கொடுக்க வேண்டும். அதுவரை மூச்சு விடக்கூடாது. அன்றைக்கென்று பார்த்து லோதார் வீட்டில் காலைச் சாப்பாடு. போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனார்.

லோதார் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி கேட்டார். “எல்லைப் பாலத்துல என் பையன் நாப்பது பேரோட நிக்கறான். திருப்பிக் கூப்பிட்டுக்கவா, வேண்டாமா? நீ சொல்லுடா.”

எபர்ஹார்ட் இறைச்சியை மென்றுகொண்டே இருந்தார். அந்தப் பையனைத் தோளில் தூக்கிச் சுமந்தவர் அவர்.

“வாயில என்ன, கொழுக்கட்டையா? தூதரானதும் பேச்சே நின்னுபோச்சே! சரி, காபியாவது ஊத்தவா?”

“போதும். நீங்க குடிங்க.”

காபியை ஊற்றப்போன லோதாரின் கை அப்படியே நின்றது. அவர் குடுவையைக் கீழே வைத்தார், வாயைத் துடைத்தார், வெளியே போனார். முற்றத்திலிருந்து ஒரு குதிரை பாலத்துப் பக்கம் பறந்தது. தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அப்போதுதான் எபர்ஹார்டுக்கு உறைத்தது.

நண்பகலில் அமைச்சகத்தில் லோதார் நின்றுகொண்டே எபர்ஹார்ட் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தைப் படித்தார்.

“பாலம் காலி. பையன் வந்து சேர்ந்துட்டான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காலையில தெரிஞ்சே சொன்னியா, வாய் தவறிச்சா?”

‘தெரிஞ்சேதான்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கேட்க வேறு யாருமில்லை. பதினேழு வருட நட்பு தங்கிவிடும். எபர்ஹார்டுக்கு அந்தப் பொய்யின் மேல் அவ்வளவு ஆசை வந்தது.

“வாய் தவறித்தான் லோதார்.”

லோதார் கடிதத்தை மடித்தார். “தெரிஞ்சே சொல்லியிருந்தா, எனக்காக உன் ராஜாவையே ஏமாத்தினியேன்னு காலத்துக்கும் நன்றியோட இருந்திருப்பேன். வாய் தவறிச்சுன்னா, என் வீட்டுப் படி ஏறும்போதே மனசுல என்னை அந்நியனாக்கிட்ட.”

இல்லை என்று சொல்ல எபர்ஹார்ட் வாயைத் திறந்தார். ஆனால் லோதார் சொன்னது உண்மை.

லோதார் தானே போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

“வண்டி நிக்குது. போங்க.”